அம்பாசிடர் ஹெட் இறக்கப் போகிறேன்: ஈயமில்லா பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் சீட் ரிங் போடணுமா, வேண்டாமா?

நாகமலை_மார்க்2

எல்லாருக்கும் வணக்கம். 1972 மார்க் 2, அப்பா ஓட்டிய வண்டி, பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினோடுதான் இன்னும் இருக்கிறது, டீசலுக்கு மாற்றவில்லை. கொஞ்ச நாளாக ஐடிலில் மிஸ் அடிக்கிறது, சைலன்சரில் அவ்வப்போது ஒரு பொப் சத்தம், சூடாக நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் இழுத்தடிக்கிறது. கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் நன்றாக இறங்கியிருக்கிறது, இரண்டாவது கொஞ்சம் கம்மி, மற்ற இரண்டும் சரி.

புதூர் பக்கம் ஒரு மெக்கானிக் வால்வு கிரைண்ட் பண்ணி லேப்பிங் (வால்வையும் அது உட்காருகிற சீட்டையும் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பொருத்துவது) போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் இப்போதைய பெட்ரோலில் ஈயம் இல்லை, எட்டு வால்வுக்கும் ரிங் (எஞ்சின் ஹெட்டில் சீட் இருக்கிற இடத்தைக் குடைந்து அழுத்திப் பொருத்துகிற கெட்டியான வளையம்) போட்டே ஆகணும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீங்க என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது? பிரீமியம் பெட்ரோல் போட்டால் இந்தச் செலவு மிச்சமாகுமா என்றும் ஒரு நப்பாசை.

ஆரப்பாளையம்_அம்பி

ஈயமாவது இஞ்சியாவது. நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். கால் நூற்றாண்டு ஆச்சு. அதற்கப்புறம் மதுரையில் எத்தனை அம்பாசிடர் டாக்ஸி ஓடியது, எல்லாம் நடுரோட்டில் நின்றா போச்சு? லேப்பிங் போட்டு ஓட்டுங்க தம்பி. ரிங் எல்லாம் வெளிநாட்டுக்காரன் மோட்டார்வே வேகத்தில் ஓட்டுகிற வண்டிக்கு.

கப்பலூர்_போரிங்

அம்பி அண்ணே, அந்த டாக்ஸியில் முக்கால்வாசி டீசல். டீசல் ஹெட்டுக்கு இந்தக் கதையே கிடையாது, அதை வைத்துக் கணக்குப் போடாதீங்க. மீதி பெட்ரோல் வண்டிகளில் பலதுக்கு ஏற்கெனவே எங்களை மாதிரி பட்டறையில் ரிங் போட்டாச்சு, ஓனருக்குத் தெரியாது, பில்லில் "ஹெட் வேலை" என்று ஒரே வரியாக இருந்திருக்கும்.

நாகமலை சார், ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ரெண்டு வேலை செய்யுங்க. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் இறங்கியிருந்தால் நடுவில் கேஸ்கட் ஊதியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பாருங்க. ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. அப்புறம் டாப்பெட் கவரைத் திறந்து எட்டு வால்வுக்கும் கேப் (வால்வை அழுத்துகிற ராக்கருக்கும் வால்வுக் காம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி) அளந்து, சரி பண்ணாமல், அப்படியே எழுதி வையுங்க. இந்த எஞ்சினுக்கு 15 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். எக்ஸாஸ்டில் மட்டும் கேப் குறைந்திருந்தால் சீட் உள்ளே போயிருக்கிறது.

திருநகர்1100

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ராக்கர், கேம் தேய்ந்தால் கேப் அதிகமாகும், டக் டக் என்று சத்தம் வரும், உடனே மெக்கானிக்கிடம் ஓடுவோம். சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஹெட்டுக்குள் ஏறுகிறது, அதன் காம்பு ராக்கரை நெருங்குகிறது, கேப் குறைகிறது, எஞ்சின் முன்னைவிட அமைதியாக ஓடும். "அடடா, வண்டி என்ன சைலண்ட்" என்று சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் கேப் பூஜ்யத்துக்குப் போய், வால்வு முழுசாக மூடாமல், அந்த இடுக்கு வழியாக நெருப்பு பீறிட்டு வால்வு விளிம்பு எரிந்துபோகும். பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் டாப்பெட் சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், சத்தம் காணாமல் போனால் பயப்படுங்கள்.

பிரீமியம் பெட்ரோல் பற்றி: ஈயம் பெட்ரோலில் இரண்டு வேலை பார்த்தது. ஒன்று, ஆக்டேனை ஏற்றி நாக்கிங்கைத் தடுத்தது, 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் மிட்ஜ்லி கண்டுபிடித்தது அதற்காகத்தான். இன்னொன்று யாரும் திட்டம் போடாமலே கிடைத்த லாபம்: எரிந்த ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் மெல்லிய படிவாக உட்கார்ந்து, சிவக்கச் சூடான வால்வும் வார்ப்பிரும்பு சீட்டும் நேருக்கு நேர் ஒட்டாமல் பார்த்துக்கொண்டது. அந்தப் படிவு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்பு இரும்போடு பற்றிக்கொள்ளும், திறக்கும்போது துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டு வரும், பிய்ந்தது வால்வு முகத்தில் ஒட்டி அதுவே அரமாகி மேலும் அறுக்கும். பிரீமியம் பெட்ரோல் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதத்துக்கு இப்போது பங்கில் கிடைக்கிற சாதா பெட்ரோலே தாராளம். சீட்டுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

நாகமலை_மார்க்2

அக்கா, இப்படி யாரும் சொன்னதில்லை, நன்றி. அப்படியென்றால் எங்கள் வண்டி கொடைக்கானல் ஏறி இறங்கியதுதான் காரணமா? வருஷா வருஷம் வத்தலக்குண்டு வழியாக ஏற்றிவிடுவோம், செகண்ட் கியரில் உறுமிக்கொண்டே போகும்.

சிம்மக்கல்_சோலக்ஸ்

மலை ஏற்றத்தைவிட நாலுவழிச் சாலைதான் எமன். சீட் தேய்மானத்துக்கு லோடும் காரணம், ஆனால் ஆர்பிஎம் அதைவிடப் பெரிய காரணம். கப்பலூர் டோல் தாண்டி திருநெல்வேலி வரைக்கும் ஒரே மிதியில், ஆக்ஸிலேட்டரை எடுக்காமல், மே மாத வெயிலில் ஓட்டிக்கொண்டு போவீர்கள் பாருங்கள், அங்கேதான் சீட் போகிறது. டவுனுக்குள் தெற்கு வாசலுக்கும் பெரியார் நிலையத்துக்கும் ஓட்டுகிற வண்டிக்கு லேப்பிங் போட்டே பல வருஷம் ஓடும், அந்த அளவில் அம்பி அண்ணன் சொல்வதும் பொய் இல்லை.

கூடவே இரண்டு விஷயம். இக்னிஷன் டைமிங் லேட்டாக இருந்தாலோ, கார்புரேட்டர் மிக்ஸர் லீனாக (பெட்ரோல் கம்மி, காற்று அதிகம்) இருந்தாலோ எக்ஸாஸ்ட் சூடு எகிறும், சீட் சீக்கிரம் போகும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, பெட்ரோலுக்கு என்று துளைத்த, கார்புரேட்டரின் பழைய மெயின் ஜெட்டை அப்படியே விட்டால் எஞ்சின் லீனாகத்தான் ஓடும். ஈயம் போனதைப் பற்றி ஊரே பேசுகிறது, ஜெட் மாற்றுவதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டேன் என்கிறார்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளை வெளேரென்று இருந்தால் ஒரு சைஸ் பெரிய ஜெட். ஃபியூவல் பம்ப் டயாபிரமும் பழைய ரப்பர் ஹோஸும் எத்தனாலில் ஊறி நொறுங்கும், அதையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள்.

ஆரப்பாளையம்_அம்பி

பாதி ஜெயிச்சாச்சு, போதும். ஆனால் ஒரு கேள்வி. ரிங் போட்டு ரிங் கழன்று விழுந்த கதை எனக்கே தெரியும். தெரிந்தவர் ஒருவரின் வண்டி, வெளியூர்ப் பட்டறையில் போட்டது, ஊர் பேர் வேண்டாம், மேலூர் தாண்டும்போது ரிங் உள்ளே விழுந்து பிஸ்டன், ஹெட் எல்லாம் காலி. லேப்பிங் போட்ட ஹெட்டில் விழ என்ன இருக்கிறது? அதனால்தான் சொல்கிறேன், இல்லாத வம்பை விலைக்கு வாங்காதீங்க.

நிர்வாகி

பட்டறைப் பெயர், போன் நம்பர், இன்னார் ஏமாற்றினார் என்கிற புகார் எதுவும் இங்கே வேண்டாம். அம்பி இதுவரை சரியாகவே எழுதுகிறார், அப்படியே தொடரட்டும்.

நாகமலை_மார்க்2

ஆயில் விட்டுப் பார்த்தேன், கம்ப்ரஷன் ஏறவில்லை. டாப்பெட் கேப்: 1-ம் 8-ம் கொஞ்சம் குறைவு, 4-ல் மெல்லிய ஃபீலர்தான் நுழைகிறது, 5-ல் எதுவுமே நுழையவில்லை. இன்லெட் நாலும் 15-க்குப் பக்கம். ஹெட்டை இறக்கிவிட்டோம், கேஸ்கட்டில் ஊதிய தடம் இல்லை. 5-வது வால்வு விளிம்பில் ஒரு இடத்தில் கடித்தாற்போல் எரிந்திருக்கிறது. அதன் சீட் பள்ளத்துக்குள் பள்ளமாக உட்கார்ந்திருக்கிறது.

கப்பலூர்_போரிங்

எதிர்பார்த்ததுதான். இந்த ஹெட்டில் 2, 3 சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ரெண்டும் ஒரே நடு போர்ட் வழியாக வெளியே போகிறது, அந்த இடத்தில்தான் சூடு அதிகம். 4-ம் 5-ம் முதலில் போகும், 1-ம் 8-ம் அப்புறம்.

இனி லேப்பிங் பேச்சு வேண்டாம். சீட் இவ்வளவு கீழே போனபின் மறுபடி வெட்டினால் இன்னும் கீழே போகும், ஸ்பிரிங் நீண்டு பலம் குறையும், ராக்கர் கோணம் மாறும். நாலு எக்ஸாஸ்டுக்கும் ரிங். இன்லெட்டுக்கு வேண்டாம். உள்ளே வருகிற குளிர்ந்த பெட்ரோல் காற்று இன்லெட் சீட்டை ஆற்றிவிடும், அது ஈயத்தை நம்பி இருந்ததே கிடையாது. எட்டுக்கும் போடணும் என்று சொன்னவர் காசுக்காகச் சொல்கிறார் அல்லது தெரியாமல் சொல்கிறார். காரணம் இல்லாமல் ஹெட்டைக் குடைவது நல்லதில்லை, இந்த வார்ப்பில் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஜாக்கெட் அதிக தூரத்தில் இல்லை.

இப்போ ரிங் விழுகிற விஷயம். அம்பி அண்ணன் சொன்னது நடக்கிறதுதான், அது ரிங்கின் தப்பில்லை, போட்டவன் தப்பு. ரிங் ஓட்டையைவிட 3 முதல் 4 தௌ பெரிதாக இருக்கணும், சுமார் 0.08 முதல் 0.10 மி.மீ. அந்த இறுக்கத்தில்தான் அது காலத்துக்கும் நிற்கும். இறுக்கமாக இருக்கிறது என்று சுத்தியலால் அடித்து இறக்கினால் ஓட்டையின் ஓரம் சிராய்த்து இறுக்கம் போய்விடும், நிறையப் பேர் செய்வது அதுதான், அப்புறம் சுற்றிலும் பஞ்ச் அடித்துச் சமாளிப்பார்கள். ரிங்கைக் குளிர வைத்து ஹெட்டைச் சூடாக்கணும். கணக்குப் பாருங்க, 35 மி.மீ. ரிங்கை வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் 0.02 மி.மீ.தான் சுருங்கும். ஹெட்டை ஓவனில் 130 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஓட்டை 0.04 விரியும். ரெண்டும் சேர்ந்தும் பத்தாது, மீதிக்கு வழிகாட்டிக் கம்பி வைத்து பிரஸ்ஸில் நேராக அழுத்தணும். திரவ நைட்ரஜன் இருந்தால் மைனஸ் 196 டிகிரி, சூடாக்கிய ஹெட்டில் ரிங் தானாகவே சொட்டென்று உள்ளே உட்காரும். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற இடத்தில் கேனில் வைத்திருப்பார்களே, அதே சரக்குதான். அங்கே போய்க் கேட்டு அவர்கள் வேலையைக் கெடுக்காதீங்க, கேஸ் விற்கிற இடத்தில் கேளுங்க.

வரிசையும் முக்கியம். கைடு, அதாவது வால்வுக் காம்பு ஏறி இறங்குகிற குழல், முதலில். கட்டர் நிற்பதே கைடுக்குள் நுழைகிற கம்பியை நம்பித்தான். தேய்ந்த கைடை வைத்துக்கொண்டு சீட் வெட்டினால் சீட் ஒரு பக்கம் ஒதுங்கும், நாலு நாளில் பழைய கதை. கைடு, அப்புறம் ரிங்குக்குக் குடைவது, ரிங், கடைசியில் சீட் கட்டிங். 45 டிகிரிதான் உட்காருகிற முகம், மேலே கீழே 30, 60-ல் ஒதுக்கிவிடணும். எக்ஸாஸ்டில் முகம் ஒன்றரை முதல் ரெண்டு மி.மீ. அகலம் இருக்கட்டும், அந்த அகலம் வழியாகத்தான் வால்வின் சூடு ஹெட்டுக்கு இறங்குகிறது. மெல்லிசாக வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், வால்வு எரியும்.

திருநகர்1100

வால்வை விட்டுவிட்டீர்களே. கெட்டியான ரிங் போட்டுவிட்டுப் பழைய வால்வையே திரும்ப வைத்தால் இனி தேய்வது வால்வு. எக்ஸாஸ்டுக்கு 21-4என் ஸ்டீல் வால்வு கேட்டு வாங்குங்கள், 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல். கடைக்காரர் அதுதான் என்று சத்தியம் செய்தாலும் கையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். அந்த வகை ஸ்டீலில் தலைப்பக்கம் காந்தம் பிடிக்காது. காம்பு வேறு இரும்பில் ஒட்டியிருப்பார்கள், அங்கே பிடித்தால் பரவாயில்லை. அந்த ஸ்டீல் சூட்டில் சாதா வால்வைவிட அதிகமாக விரியும் என்பதால் கைடில் இடைவெளியும் ஒரு பொட்டு கூடுதலாக வேண்டும், பட்டறையில் ஞாபகப்படுத்துங்கள்.

ரொம்ப முக்கியமான இன்னொன்று: இறக்கிய ஹெட்டில் சாம்பலும் வெள்ளையுமாகப் படிந்திருப்பது பழைய ஈயமாகவும் இருக்கலாம், 2000-க்கு முன்னால் ஓடி, அப்புறம் திறக்காத எஞ்சின் என்றால் நிச்சயம் கொஞ்சம் இருக்கும். வயர் பிரஷ் போட்டு உலர வைத்துச் சுரண்டுவது, கம்ப்ரஸர் காற்றில் ஊதுவது இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஈரமாகவே துடையுங்கள், துணியைத் தூரப் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தச் சட்டையோடு தூக்காதீர்கள். பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்ததே குழந்தைகளின் ரத்தத்துக்குள் அது போகிறது என்பதால்தானே. அதை நினைத்தால் ஒரு வால்வு சீட் போவதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆரப்பாளையம்_அம்பி

சரிக்கா, சரி. ரிங் கட்சிக்கு வந்துவிட்டேன், இந்த ஹெட்டுக்கு மட்டும். என் வண்டியில் டாப்பெட் கேப் அசையவே இல்லை, அதைத் திறக்க மாட்டேன். பாட்டிலில் விற்கிறார்களே, பெட்ரோலில் ஊற்றுகிற ஈயப் பதிலி, அது வேலை செய்யுமா?

கப்பலூர்_போரிங்

கேப் அசையாவிட்டால் திறக்க வேண்டாம் அண்ணே, நானே சொல்கிறேன். நல்லா ஓடுகிற ஹெட்டை ஈயம் இல்லை என்கிற பயத்தில் மட்டும் இறக்குவது வீண் செலவு.

சிம்மக்கல்_சோலக்ஸ்

பாட்டில் சமாச்சாரம் வேலை செய்யும், ஆனால் எல்லாம் இல்லை. மாங்கனீஸ், பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், இந்த நாலில் ஒன்றை அடிப்படையாக வைத்தவை சீட்டின் மேல் ஈயம் மாதிரியே ஒரு படிவு விடும். பிரிட்டனில் ஈய பெட்ரோல் நிற்பதற்கு முன்னால் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு இவற்றை எஞ்சினில் போட்டே சோதித்துத் தேறியவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது. லேபிளில் இந்தப் பெயர்களில் ஒன்று இல்லாமல் வெறுமனே "ஆக்டேன் பூஸ்டர்" என்று இருந்தால் அது சீட்டுக்கு இல்லை. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி இரண்டையும் கலக்க வேண்டாம். டேங்க்குக்குள் வெள்ளீய உருண்டை போடச் சொல்லி விற்பவர்களிடம் நான் வாங்க மாட்டேன், கரையாத உலோகம் எப்படி சீட் வரைக்கும் போய்ப் படியும் என்று இதுவரை யாரும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை.

கேஸ் கிட் போட்டு ஓட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும், எல்பிஜியில் ஈயமும் இல்லை, ஈரமும் இல்லை. வார்ப்பிரும்பு சீட்டுக்கு அது பெட்ரோலைவிட மோசம்.

புதுராமநாதபுரம்_ராஜ்தூத்

என் ராஜ்தூத்துக்கு ரிங் போடலாமா?

கப்பலூர்_போரிங்

தம்பி, ராஜ்தூத் டூ ஸ்ட்ரோக் பைக், அதில் இந்த மாதிரி வால்வே கிடையாது, போய் ஆயிலைச் சரியாகக் கலந்து ஊற்று.

நாகமலை_மார்க்2

எக்ஸாஸ்ட் நாலுக்கும் ரிங், புது வால்வு, எட்டு கைடும் மாற்றச் சொல்லிவிட்டேன். வேலை முடிந்து ஹெட்டை வாங்கும்போது நான் என்ன பார்க்க வேண்டும்? எனக்கு அளவு கருவி எதுவும் கிடையாது.

கப்பலூர்_போரிங்

குடைவதற்கு முன்னாலேயே விரிசல் பார்த்தார்களா என்று கேளுங்க, பக்கத்துப் பக்கத்து வால்வுக்கு நடுவில் உள்ள சின்னப் பாலத்தில்தான் வரும், கலர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது. ஃபேசிங் (ஹெட்டின் அடிமுகத்தைச் சீவிச் சமமாக்குவது) தேவைக்கு மேல் எடுக்க விடாதீங்க, வளைவு போகிற அளவுக்கு மட்டும்.

வாங்கும்போது வால்வு, ஸ்பிரிங், பிளக் எல்லாம் மாட்டிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, நாலு குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றி, போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்க. அங்கேயே உட்கார்ந்து டீ சொல்லுங்க, டீ குடித்து முடிக்கிற வரைக்கும் போர்ட் காய்ந்திருந்தால் நல்ல வேலை. ஒரு வால்வைக் கழற்றச் சொல்லி, முகத்தில் நீலம் தடவி வைத்து எடுக்கச் சொல்லுங்க, சுற்றிலும் அறுபடாத வளையம் தெரியணும். ரிங்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் நகக்கண் மாட்டுகிற மாதிரி இடைவெளியோ, சுற்றிலும் பஞ்ச் தடமோ இருந்தால் காசு கொடுக்காமல் கேள்வி கேளுங்க. கைடு, ரிங், வால்வு, கட்டிங், ஃபேசிங் என்று தனித்தனியாக பில் வாங்குங்க.

மாட்டினபின் 500 கிலோமீட்டரில் ஹெட் நட்டை மேனுவலில் உள்ள வரிசையில் மறுபடி டைட் வைத்து டாப்பெட் வையுங்க. அப்புறம் ஒவ்வொரு சர்வீஸிலும் கேப்பை எழுதி வையுங்க, எக்ஸாஸ்டில் அந்த எண் மாறாமல் நின்றால் திருநெல்வேலி வரைக்கும் என்ன, நாகர்கோவில் வரைக்கும் மிதிங்க.

தேனி_ஜீப்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பழைய மகிந்திரா பெட்ரோல் ஜீப், ஹரிகேன் எஞ்சின். போடிமெட்டு ஏறும்போது இழுவை குறைகிறது. நானும் ஹெட்டை மட்டும் கழற்றிக் கப்பலூருக்கு அனுப்பினால் போதுமா?

கப்பலூர்_போரிங்

போதாது. ஹரிகேனில் இன்லெட் வால்வுதான் ஹெட்டில் இருக்கிறது, எக்ஸாஸ்ட் நாலும் பிளாக்குக்குள். நீங்க அனுப்புகிற ஹெட்டில் ஈயம் சம்பந்தப்பட்ட சீட் ஒன்றுகூட இருக்காது. ஹெட்டைத் தூக்கிவிட்டுப் பிளாக்கில் டார்ச் அடித்துப் பாருங்க, எக்ஸாஸ்ட் சீட்டைச் சுற்றி வேறு இரும்பில் ஒரு வளையக் கோடு தெரிந்தால் அங்கே ஏற்கெனவே ரிங் இருக்கிறது, அது அசைகிறதா, எரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கோடு தெரியாவிட்டால் எஞ்சினை முழுசாக இறக்கி, பிளாக்கைத்தான் கொண்டுவரணும், லாரிக்குச் சொல்லிவிட்டு வாங்க. அதற்கு முன்னால் பக்கவாட்டுக் கவரைத் திறந்து எக்ஸாஸ்ட் டாப்பெட் கேப்பை அளந்து இங்கே போடுங்க, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.